மறைக்கப்பட்ட தொலைவு: தொலைநிலை மென்பொருட் சேவைகளின் வரலாறு (1974–2022)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கணினியில் இயங்கும் மென்பொருட்கூறின் பணியைப் பிணையத்தின் வழியாக வேறு கணினிகளிலுள்ள பயன்பாட்டு நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் முறை 1970களில் உருப்பெறத் தொடங்கியது. தொலைவிலுள்ள கூறினை அருகிலுள்ளது போலவே தோன்றச் செய்வது இம்முறையின் தொடக்ககால இலக்கு. அவ்விலக்கு எவ்வாறு பிறந்தது, எங்கெங்கு இடர்ப்பட்டது, எது நிலைத்தது என்பனவற்றை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. விடை வராதபோது அழைத்தவர் என்ன செய்யலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாகக் கூறிய அமைப்புகளே இவ்வரலாற்றில் வலுப்பெற்றன என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தொலைநிலைச் செயல்முறை அழைப்பு, இடைமுகம், பகுதித் தோல்வி, கோர்பா, ஜாவா ஆர்எம்ஐ, இணையச் சேவை.

முன்னுரை

ஒரு நிரல் தனக்குள்ளேயே இருக்கும் செயல்முறை ஒன்றை அழைக்கும்போது பொதுவாக இரண்டு முடிவுகளே உண்டு. அச்செயல்முறை விடையுடன் திரும்பும். அல்லது நிரல் முழுவதும் நின்றுவிடும். அழைத்தது இயங்கிக்கொண்டிருக்க, அழைக்கப்பட்டது மட்டும் மறைந்துபோவது அங்கு நிகழ்வதில்லை. அழைக்கப்படும் செயல்முறை வேறொரு கணினியில் இருக்குமாயின் மூன்றாவது நிலை ஒன்று தோன்றுகிறது. விடை வருவதில்லை. கோரிக்கை சென்று சேரவில்லையா, பணி முடியுமுன் சேவையகம் நின்றுவிட்டதா, பணி முடிந்து விடை மட்டும் வழியில் தொலைந்ததா என்பதை அழைத்த நிரலால் அறிய இயலாது.

இந்த ஐயம் நடைமுறையில் பெரும் விளைவுகளைத் தரவல்லது. ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழிக்குமாறு அனுப்பிய கோரிக்கைக்கு விடை வரவில்லை எனக் கொள்வோம். மீண்டும் அனுப்பினால் பணம் இருமுறை கழியக்கூடும். அனுப்பாவிட்டால் ஒருமுறையும் கழியாமலே போகக்கூடும். எதைச் செய்வது என்னும் முடிவை நிரலர் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். அவ்வாறு முடிவெடுக்க வேண்டிய தேவை இருக்கிறது என்பதையே அவர் அறியாதவாறு கருவிகள் அமைந்திருந்தால், அதன் இழப்பு அந்தக் கணக்குக்கு உரியவரைச் சென்று சேர்கிறது. ஆகவே, தொலைநிலைச் சேவைகளின் வரலாற்றைத் தொழில்நுட்பங்கள் ஒன்றையொன்று வென்ற வரலாறாக மட்டும் காண்பது போதாது. பொறுப்பு எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்னும் நோக்கிலும் அதனைக் காணுதல் வேண்டும்.

அழைப்பு என்னும் உருவகம்

ஆர்ப்பாநெட் பிணையத்தில் தொடக்கத்தில் தொலைக்கணினியைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் மனிதர்களே. முனையத்தின் வழியாக அக்கணினியினுள் நுழைந்து, அதற்கே உரிய கட்டளைகளைத் தட்டச்சு செய்து பணியை முடித்தனர். மனிதருக்குப் பதிலாக ஒரு நிரல் இப்பணியைச் செய்ய வேண்டுமெனில், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி நெறிமுறையை நிரலர் கற்க வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக ஜான் போஸ்டல், ஜேம்ஸ் ஒயிட் ஆகிய இருவரும் 1974 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 674 எனும் ஆவணத்தில் செயல்முறை அழைப்பு நெறிமுறையை முன்வைத்தனர். நிரலர் நன்கறிந்த செயல்முறை அழைப்பையே பிணையத்திற்கும் நீட்டிப்பது அதன் அடிப்படைக் கருத்தாகும்.

அக்கருத்திற்கு மறுப்பும் உடனடியாக எழுந்தது. 1975 ஏப்ரலில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 684இல் ரிச்சர்ட் ஷான்ட்ஸ், செயல்முறை அழைப்பு என்பது இயல்பிலேயே விரைவும் உறுதியும் கொண்ட உள்ளக நிகழ்வு என்றும், பிணையத் தொடர்பு அத்தன்மையது அன்று என்றும் வாதிட்டார். 1976 ஜனவரியில் ஒயிட் எழுதிய ஆர்.எஃப்.சி. 707 இம்முறைக்கு முழுமையான வடிவம் தந்தது. இந்த உருவகம் நிரலரைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடும் என்பதையும், உள்ளக அழைப்பு மலிவானது, தொலைநிலை அழைப்பு அவ்வாறன்று என்பதையும் அந்த ஆவணமே சுட்டிக்காட்டியது. பின்னாளில் நிகழ்ந்த இடர்ப்பாடுகளுக்கான எச்சரிக்கை தொடக்க ஆவணத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பது கருதத்தக்கது.

செராக்ஸ் பார்க்கில் உருவான முன்மாதிரி

புரூஸ் நெல்சன் 1981இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு இத்துறையின் கோட்பாட்டு அடித்தளமாக விளங்கியது. அவரும் ஆண்ட்ரூ பிரெலும் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கிய அமைப்பை விளக்கும் கட்டுரை 1984 பிப்ரவரியில் வெளிவந்தது. இப்பணிக்காக அவ்விருவருக்கும் 1994ஆம் ஆண்டிற்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது வழங்கப்பட்டது.

அவ்வமைப்பு ஐந்து பகுதிகளைக் கொண்டது. அழைக்கும் நிரல், அதன் பக்கத்திலுள்ள பதிலி, இரு கணினிகளிலும் செய்திகளைக் கொண்டுசெல்லும் இயக்கநேரப் பகுதி, சேவையகத்தின் பக்கத்திலுள்ள பதிலி, சேவையை வழங்கும் நிரல் என்பன அவை. அழைக்கும் நிரல் தன் கணினியிலேயே உள்ள பதிலியைச் சாதாரணச் செயல்முறை போல அழைக்கும். பதிலி அளபுருக்களைச் செய்தியாகக் கட்டி அனுப்பும். மறுபக்கத்திலுள்ள பதிலி அதைப் பிரித்து உண்மையான செயல்முறையை அழைக்கும். இரு பதிலிகளையும் நிரலர் எழுத வேண்டியதில்லை. மெசா மொழியில் எழுதப்பட்ட இடைமுக வரையறையைப் படித்து லூபைன் எனும் கருவி அவற்றைத் தானே ஆக்கித் தந்தது. எந்தச் சேவை எந்தக் கணினியில் உள்ளது என்பதைக் கிரேப்வைன் எனும் பகிர்ந்தமை தரவுத்தளம் அறிவித்தது. இன்றளவும் இத்துறையில் வழங்கும் கருவிகள் பலவற்றின் உள்ளமைப்பு இதனையே ஒத்திருக்கிறது.

அக்கட்டுரையிலுள்ள இரண்டு செய்திகள் இங்கு முதன்மையானவை. முதலாவது, அளவீடு. அளபுருவோ விடையோ இல்லாத ஓர் அழைப்பு, டொராடோ வகைக் கணினி ஒன்றினுள்ளேயே நிகழ்ந்தபோது 9 மைக்ரோநொடி பிடித்தது. ஈதர்நெட் வழியாக மற்றொரு டொராடோவிற்குச் சென்று திரும்ப இடைநிலை அளவாக 1,097 மைக்ரோநொடி பிடித்தது. எழுதுவதற்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு அழைப்புகளுக்கிடையே நூறு மடங்கிற்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. இரண்டாவது, உறுதிமொழி. அழைப்பு விடையுடன் திரும்பினால் செயல்முறை சரியாக ஒருமுறை நிகழ்ந்தது என்று பொருள். விதிவிலக்கு எழுந்தால் அது ஒருமுறை நிகழ்ந்திருக்கலாம் அல்லது நிகழாமலே இருந்திருக்கலாம். சேவையகம் உயிருடன் இருக்கும்வரை எவ்வளவு நேரமாயினும் காத்திருப்பது என்றும், காலவரம்பு வைப்பதில்லை என்றும் அவர்கள் முடிவு செய்தனர். உள்ளக அழைப்பிற்குக் காலவரம்பு இல்லை என்பதால் தொலைநிலை அழைப்பிற்கும் அது வேண்டாம் என்பது அவர்தம் நிலைப்பாடு. ஒப்புமையைக் காக்கும் விருப்பம் இங்கு வடிவமைப்பையே தீர்மானித்தது.

கோப்பு முறைமை தந்த பாடம்

இம்முறையைப் பரவலாக்கியதில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. 1980களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட என்எஃப்எஸ் எனும் பிணையக் கோப்பு முறைமை, தொலைநிலை அழைப்பின்மீது கட்டப்பட்டது. தொலைவிலுள்ள கோப்பினைத் தன் வட்டிலுள்ள கோப்பைப் போலவே எந்த நிரலும் திறக்கலாம். அதற்கென நிரலை மாற்றி எழுத வேண்டியதில்லை.

சேவையகம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் வினாவிற்கு அம்முறைமை இரு வழிகளைத் தந்தது. கடின இணைப்பில் சேவையகம் மீண்டு வரும்வரை நிரல் காத்துக் கிடக்கும்; பயனரின் திரை உறைந்து நிற்கும். மென் இணைப்பில் சிறிது நேரத்திற்குப் பின் பிழை திருப்பி அனுப்பப்படும். ஆனால் உள்ளக வட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நிரல்கள் அத்தகைய பிழையை எதிர்பார்ப்பதில்லை. அதனால் தரவு சிதையும் வாய்ப்பு இருந்தது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் கணினி நிர்வாகி. நிரலர் பார்க்காமல் விட்ட சிக்கல் இவ்வாறு அதனைத் தீர்க்க இயலாத ஒருவரின் கைக்குச் சென்றது.

மீளனுப்புதலிலும் இடர் இருந்தது. கோப்பின் ஒரு பகுதியைப் படிக்குமாறு கோருவதை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் தீங்கில்லை. கோப்பை அழிக்குமாறு கோருவது அத்தகையதன்று. முதற்கோரிக்கையில் கோப்பு அழிந்து விடை மட்டும் தொலைந்திருந்தால், இரண்டாம் கோரிக்கைக்கு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்னும் விடை வரும். வெற்றி தோல்வியாகத் தோன்றும். 1988இல் ஆண்ட்ரூ டானன்பாம், ராபர்ட் வான் ரெனெஸ் ஆகியோர் எழுதிய திறனாய்வு, தொலைநிலை அழைப்பு முறையின் இத்தகைய குறைகளைத் தொகுத்துக் காட்டியது.

கூறுகளின் காலம்

1980களின் இறுதியில் பொருள்நோக்கு நிரலாக்கம் செல்வாக்குப் பெற்றது. தனிச் செயல்முறைகளுக்குப் பதிலாக, தரவும் செயலும் இணைந்த மென்பொருட்கூறுகளைப் பிணையத்தில் வெளிப்படுத்தும் எண்ணம் வளர்ந்தது. 1989இல் தொடங்கப்பட்ட ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் எனும் தொழிற்கூட்டமைப்பு 1991இல் கோர்பா தரத்தின் முதற்பதிப்பை வெளியிட்டது. சி, சி++, கோபால், ஜாவா முதலிய எம்மொழியில் எழுதப்பட்ட கூறாயினும், பொதுவான இடைமுக வரையறை மொழி ஒன்றின் வழியாக வேறு மொழி நிரல்களுக்குச் சேவையாற்ற இத்தரம் வழிசெய்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் டிகாம் எனும் தனது முறையை வெளியிட்டது.

இவ்விரு முறைகளிலும் தொலைவை மறைக்கும் முயற்சி உச்சம் பெற்றது. எனினும் மறைக்கப்பட்டது வேறு இடங்களில் தலைகாட்டியது. டிகாமில் ஒரு கூறினைப் பயன்படுத்தும் நிரல் உயிருடன் உள்ளதா என்பதைச் சேவையகம் அறிந்தாக வேண்டும். அதற்காகப் பயன்பாட்டுக் கணினி 2 நிமிடத்திற்கு ஒருமுறை சிறு செய்தி அனுப்பும். தொடர்ந்து 3 செய்திகள் வராவிடில் அது மறைந்துவிட்டதாகக் கொள்ளப்படும். ஒரே கணினிக்குள் எழவே எழாத ஒரு வினாவிற்கு இங்கு 6 நிமிடக் காத்திருப்பு விடையாக அமைந்தது.

கோர்பாவின் சான்று இதனினும் தெளிவானது. அதன் முறைமை விதிவிலக்குகள் ஒவ்வொன்றும் பணி நிறைவுற்றதா என்பதைக் குறிக்கும் ஒரு மதிப்பைத் தாங்கி வரும். அதற்கு உரிய மதிப்புகள் மூன்று: ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஒருவேளை’. பகிர்ந்தமை கணிமையின் உள்ளார்ந்த ஐயத்தைத் தரம் ஒன்று முறைப்படி ஏற்றுக்கொண்டதற்கு இந்த ‘ஒருவேளை’ சான்றாகும். ஆனால் முறைமை விதிவிலக்குகளை இடைமுக வரையறையில் குறிப்பிட வேண்டியதில்லை. ஜாவாவில் அவற்றைக் கையாளுமாறு கம்பைலர் வற்புறுத்துவதும் இல்லை. உண்மை ஆவணத்தில் இருந்தது; நிரலர் நாள்தோறும் படிக்கும் இடைமுகத்தில் இல்லை.

1994ஆம் ஆண்டின் மறுப்பும் அதன் விளைவும்

1994 நவம்பரில் சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் வால்டோ, ஜெஃப் வையன்ட், ஆன் வொல்ராத், சாம் கெண்டல் ஆகியோர் பகிர்ந்தமை கணிமை குறித்த குறிப்பொன்றை வெளியிட்டனர். உள்ளகக் கூறும் தொலைநிலைக் கூறும் நான்கு வகையில் வேறுபடுகின்றன என்பது அதன் வாதம். தாமதம், நினைவக அணுகல், பகுதித் தோல்வி, ஒருங்கு நிகழ்வு என்பன அவை. முதலிரண்டின் வேறுபாட்டைக் கருவிகளின் திறனால் ஓரளவு குறைக்கலாம். பின்னிரண்டும் இடைமுகத்தின் இயல்பையே மாற்றுவன. எத்தகைய கருவியாலும் அவற்றை மறைக்க இயலாது. என்எஃப்எஸ் முறைமையின் இடர்களை அவர்கள் இதற்குச் சான்றாக எடுத்துக்காட்டினர். உருவாக்கத்தில் நேர்ந்த குறையன்று, உள்ளகக் கோப்பின் இடைமுகத்தையே மாற்றமின்றி வைத்துக்கொண்டதுதான் அங்கு நேர்ந்த பிழை என்பது அவர்தம் முடிவு. நிரலர்கள் பிணையத்தைப் பற்றிக் கொள்ளும் தவறான நம்பிக்கைகளின் பட்டியலைப் பீட்டர் டாய்ச் அதே நிறுவனத்தில் தொகுத்ததும் இக்காலத்திலேயே.

இவ்வாதம் ஆய்வுத்தாளோடு நின்றுவிடவில்லை. 1997 பிப்ரவரியில் ஜாவா 1.1 பதிப்புடன் வெளிவந்த ஆர்எம்ஐ எனும் தொலைநிலை அழைப்பு முறையில் அது சட்டமாக்கப்பட்டது. அம்முறையை உருவாக்கியதில் வொல்ராத், வால்டோ ஆகியோருக்குப் பங்குண்டு. ஆர்எம்ஐயில் ஒரு கூறு தொலைநிலைச் சேவையாக வெளிப்பட வேண்டுமெனில் அதன் இடைமுகம் ‘ரிமோட்’ எனும் அடையாளத்தை ஏற்க வேண்டும். அதன் ஒவ்வொரு செயல்முறையும் ‘ரிமோட் எக்ஸெப்ஷன்’ எனும் விதிவிலக்கை எழுப்பக்கூடும் என்று அறிவிக்க வேண்டும். அழைக்கும் நிரல் அவ்விதிவிலக்கிற்கு விடை சொல்லாவிடில் கம்பைலர் அந்நிரலை ஏற்காது. இவ்வாறு தொலைவு இடைமுகத்தின் பகுதியாயிற்று. நிரலர் பலர் இதனைத் தொல்லையாகக் கருதினர். ஆயினும் தோல்வி நிகழும்போது என்ன செய்வது என்று ஒவ்வோர் அழைப்பிலும் கேட்டது அந்தத் தொல்லைதான்.

வசதியின் திரும்புகை

1998இல் சன் வெளியிட்ட எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் தரம், வணிக நிறுவனங்களின் மென்பொருட்கூறுகளைத் தொலைநிலைச் சேவைகளாக வெளிப்படுத்துவதை எளிதாக்கியது. அதன் தொடக்கப் பதிப்புகளில் தொலைநிலை இடைமுகம் ஒன்றே இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டால் மூன்று பிணையப் பயணங்கள் தேவைப்பட்டன. அதனால் பல பயன்பாடுகள் தாங்கவியலாத மந்தநிலை அடைந்தன. 2001இல் வந்த 2.0 பதிப்பு உள்ளக இடைமுகத்தைத் தனியே சேர்த்தது. மார்ட்டின் ஃபௌலர் 2002இல் வெளியிட்ட நிறுவன மென்பொருள் வடிவங்கள் குறித்த நூல், பொருள்களைப் பகிர்ந்து வைக்க வேண்டாம் என்பதையே முதல் விதியாக வகுத்தது. தவிர்க்க இயலாதபோது பல சிறு அழைப்புகளை ஒரே பெரும் அழைப்பாகத் திரட்டும் முகப்பு ஒன்றை அமைக்குமாறு அது வழிகாட்டியது.

2004இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ஸ்பிரிங் சட்டகம் மேலும் ஒரு படி சென்றது. தொலைவைப் பற்றி ஏதும் அறியாத சாதாரண ஜாவா கூறு ஒன்றை, சில வரி அமைப்புக் குறிப்புகளைக் கொண்டே ஆர்எம்ஐ, ஹெஸியன், எச்டிடிபி இன்வோக்கர் ஆகிய வழிகளில் சேவையாக வெளிப்படுத்த அது உதவியது. கட்டாய விதிவிலக்கு அங்குக் கட்டாயமற்றதாக மாற்றப்பட்டது. 2006இல் வந்த எண்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ் 3.0 பதிப்பிலும் அக்கட்டாயம் தளர்ந்தது. 1997இல் இடைமுகத்திற்குள் கொண்டுவரப்பட்ட தொலைவு, பத்தாண்டிற்குள் மீண்டும் அமைப்புக் கோப்பினுள் ஒதுங்கியது.

இவ்வசதிக்கு மற்றொரு விலையும் இருந்தது. ஜாவாவின் வரிசையாக்க முறையில், வந்து சேரும் பைட்டுகளிலிருந்து சேவையகம் பொருள்களை மீட்டெடுக்கும். அப்பைட்டுகளை அனுப்புபவர் நம்பத்தக்கவர் என்பது இதன் பேசாத எடுகோள். 2015 ஜனவரியில் கேப்ரியல் லாரன்ஸ், கிறிஸ் ஃப்ரோஹாஃப் ஆகியோர், தீய நோக்குடன் கட்டப்பட்ட பைட்டுகளால் சேவையகத்தில் விரும்பிய கட்டளையை இயக்க முடியும் என்பதைப் பொதுவில் விளக்கினர். புகழ்பெற்ற ஜாவாச் சேவையகங்கள் பல இத்தாக்குதலுக்கு உள்ளாகக்கூடியவை என்பது அவ்வாண்டு நவம்பரில் வெளிப்பட்டது. ஸ்பிரிங் சட்டகம் மேற்கூறிய மூன்று வழிகளையும் 2020இல் கைவிடத்தக்கனவாக அறிவித்து, 2022இல் வந்த 6.0 பதிப்பில் நீக்கியது. மறைக்கப்பட்ட தொலைவில் அயலார் நிற்கக்கூடும் என்பது இதனால் உறுதியாயிற்று.

ஆவணமும் வினைச்சொல்லும்

இதற்கு இணையாக வேறொரு போக்கும் வளர்ந்தது. 1998இல் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி தோன்றியது. 2000 மே மாதத்தில் சோப் 1.1 வரையறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு குறிப்பாக வெளியிட்டது. நிறுவனங்களின் தீச்சுவர்களைக் கோர்பாவும் டிகாமும் எளிதில் கடக்க இயலாதிருந்த நிலையில், வலைத்தளங்களுக்கெனத் திறந்திருந்த எச்டிடிபி வழியிலேயே சோப் செய்திகள் சென்றன. சோப் என்பது தொடக்கத்தில் ‘எளிய பொருள் அணுகல் நெறிமுறை’ எனப் பொருள்படும் தொடரின் சுருக்கம். 2003இல் வந்த 1.2 பதிப்பில் அவ்விரிவு கைவிடப்பட்டது. தொலைநிலைப் பொருள் என்னும் கருத்தினின்று ஆவணப் பரிமாற்றம் என்னும் கருத்திற்கு இத்துறை நகர்ந்ததை இப்பெயர் மாற்றம் உணர்த்துகிறது.

2000இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ராய் ஃபீல்டிங் அளித்த ஆய்வேடு, ரெஸ்ட் எனும் கட்டமைப்புப் பாணியை வகுத்தது. எச்டிடிபி 1.1 வரையறையின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர். அவ்வரையறை ‘கெட்’, ‘புட்’, ‘டெலீட்’ ஆகிய வினைகளை மீளனுப்பினாலும் விளைவு மாறாதவை எனவும், ‘போஸ்ட்’ அத்தகையதன்று எனவும் பிரித்தது. கோர்பாவின் ‘ஒருவேளை’ என்னும் விடையைப் பெற்ற நிரலர் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு இப்பிரிவு பொதுவான விடை தந்தது. விடை வராதபோது ‘புட்’ கோரிக்கையை அச்சமின்றி மீண்டும் அனுப்பலாம். ‘போஸ்ட்’ கோரிக்கையை அவ்வாறு அனுப்பலாகாது. ஐயம் நீங்கவில்லை, ஐயத்தோடு செயற்படும் முறை ஒப்பந்தத்தில் இடம்பெற்றது.

கூகுள் 2015இல் பொதுவெளியில் வெளியிட்ட ஜிஆர்பிசி, அழைப்பு என்னும் பழைய உருவகத்தை மீண்டும் ஏற்றது. இடைமுக வரையறை, தானே ஆக்கப்படும் பதிலி ஆகியவை பிரெல், நெல்சன் ஆகியோர் வகுத்தவாறே இதிலும் உள்ளன. ஒன்று மட்டும் தலைகீழாயிற்று. அழைப்பு ஒவ்வொன்றிற்கும் காலவரம்பு குறிக்குமாறு இம்முறை அறிவுறுத்துகிறது. காலவரம்பு கடந்துவிட்டது என்னும் நிலைக்குறி வந்தாலும் பணி வெற்றியுடன் முடிந்திருக்கலாம் என்பதை அதன் விளக்கமே கூறுகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றில் மொழிகளும் செய்தி வடிவங்களும் மாறி மாறி வந்துள்ளன. இடைமுகத்தை முதலில் வரையறுத்துப் பதிலிகளைக் கருவியால் ஆக்கும் முறை 1984 முதல் நிலைத்துள்ளது. தொலைவை முற்றிலும் மறைக்கும் முயற்சி மட்டும் வந்த ஒவ்வொரு முறையும் தாமதமாகவோ, உறைந்த திரையாகவோ, பாதுகாப்புக் குறையாகவோ திரும்பி வந்தது. அதன் விளைவு நிரலரைவிட நிர்வாகிகளையும் பயனர்களையுமே மிகுதியாகச் சென்றடைந்தது.

ஒரு மென்பொருட்கூறினைத் தொலைநிலைச் சேவையாக வெளிப்படுத்துவோர் மூன்று வினாக்களுக்கு இடைமுகத்திலேயே விடை தருதல் வேண்டும் என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? விடை வராவிடில் மீண்டும் கேட்கலாமா? கேட்பவர் யார் என்பதை எவ்வாறு அறிவது? ஷான்ட்ஸ் 1975இல் எழுப்பிய ஐயமும் ஒயிட் 1976இல் பதிவுசெய்த எச்சரிக்கையும் இவ்வினாக்களுக்கு முன்னோடிகள். எந்தத் தொழில்நுட்பமும் ‘ஒருவேளை’ என்னும் விடையை இன்றுவரை நீக்கவில்லை. அவ்விடையைப் பெறுபவர் செய்யத்தக்கதை முன்கூட்டியே எழுதிவைப்பதே சேவையை வழங்குவோரின் கடமையாக எஞ்சுகிறது.